ராஜகனியின் இடது கண்

மணி இரண்டே முக்கால். நாலு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் இந்துஜா, சொன்னால் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிற பெண், இந்த ஊரில் இப்படி ஒருத்தி இருந்து என் உயிரை வாங்க வேண்டுமா, மற்றவர்கள் எல்லாம் இன்று என்றால் நாளை மறுநாள்தான் வருகிறார்கள். மேலே மின்விசிறி ஓடுகிறது, காற்று வருகிறதா என்றால் இல்லை. ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் இரண்டு முகங்களைத் திறந்து வைத்திருக்கிறேன். இடது பக்கம் இருப்பது இந்துஜாவின் அம்மா ராஜகனி, இருபத்தேழு வருஷமாக அவர்கள் வீட்டு முன்னறையில் சந்தனமும் குங்குமமுமாகத் தொங்கிய படம். கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கக் கழற்றியபோதுதான் பிளாஸ்டிக் மாலைக்குப் பின்னால் ஓதம் ஏறிப் பூஞ்சை தின்றிருப்பது தெரிந்ததாம். மூக்குக்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை, கண்கள் இரண்டும் மட்டும் பத்திரமாக இருக்கின்றன. வலது பக்கம் இருப்பதும் அதே ராஜகனிதான். அதே வெள்ளையடிப்பில் பரண்மேல் தகரப்பெட்டியில் கிடைத்த டைப்ரைட்டிங் பரீட்சை ஹால் டிக்கெட், அதில் ஒட்டியிருக்கிற ஸ்டாம்பு சைஸ் போட்டோ, நெற்றியோரத்தில் பாதி ரப்பர் ஸ்டாம்பு, கீழே வி. ராஜகனி என்று அவளே கூட்டி எழுதிய கையெழுத்து. ஞாயிற்றுக்கிழமை இந்துஜாவுக்குக் கல்யாணம். மணமேடையில் இரண்டு நாற்காலி போட்டு ஒன்றில் அப்பா படத்தையும் ஒன்றில் அம்மா படத்தையும் வைப்பார்கள், தாலி ஏறினதும் பெண்ணும் மாப்பிள்ளையும் முதலில் அங்கேதான் விழுந்து கும்பிட வேண்டும். அப்பா போய் மூன்று வருஷம்தான் ஆகிறது, அவருக்குப் படம் செல்போனிலேயே இருந்தது, அச்சடித்துக் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்குத்தான் இந்தப் பாடு. முகத்த இதுலருந்து எடுத்துக்கங்கக்கா, கண்ண மட்டும் அந்தப் படத்துலருந்து வச்சிருங்க, என்று சொன்னாள். பேரு அம்மா பேருதான், ஆனா இதுல அம்மா மாதிரியே இல்ல, என்றும் சொன்னாள். பத்து நிமிஷ வேலை. காலை ஒன்பதரையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தக் கண் என் கண். இதை வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட. என்னவென்று சொல்வது, ஒரு செத்த பெண்ணுக்கு என் கண்ணை வரைந்து கொடுத்தேன் சுவாமி என்றா, அவர் எந்தக் கட்டளையில் இதைச் சேர்ப்பார். தொண்ணூற்றாறில் நடந்தது. அப்போது இந்த ஸ்டுடியோ பால்ராஜ் அண்ணாச்சியுடையது, நான் உள்ளறையில் உட்கார்ந்து ரீடச் பண்ணுகிறவள், கோவில்பட்டியில் அந்த வேலை பார்த்த ஒரே பொம்பளை. ராஜகனி மஞ்சள்காமாலையில் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. புருஷன் தங்கமாரியப்பன், பஸ் கண்டக்டர், காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்தார், கையில் யாரோ சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ. இரண்டாவது வரிசையில் மூணாவது ஆள், இதான் அண்ணாச்சி, வேற படமே இல்ல, என்றார். கல்யாணத்தன்றும் சரி, அதற்குப் பிறகு மூன்று வருஷத்திலும் சரி, ஒரு படம் எடுத்துக்கொள்ள அவர்களுக்குத் தோன்றவில்லை, யாருக்குத்தான் தோன்றுகிறது. அந்த மூணாவது ஆள் கண்ணை மூடியிருந்தாள். பல்பு அடித்த நேரம் இமை விழுந்துவிட்டது. எடுத்தது எங்கள் அண்ணாச்சியேதான். ஒரு குரூப்புக்கு ஒரு பிலிம், அதற்குமேல் அவர் அமுக்க மாட்டார், அடுத்த கூட்டம் வரிசையில் நிற்கும். தூங்குகிறவள் மாதிரி நின்றாள் ராஜகனி, பட்டுப்புடவையோடு, பக்கத்தில் இருந்தவளின் கை தோளில் இருக்க. அந்தத் தலையை மட்டும் காப்பி எடுத்துப் பெரிசாக்கினோம். தோளில் இருந்த கையை நான் புடவைக் கரையாக மாற்றினேன். கண் திறக்கணும் எஸ்தரு, காரியத்துக்குள்ள குடுக்கணும், என்றார் அண்ணாச்சி. கருமாதிக்கு ஆறு நாள். நுனியில் நாலே முடி நிற்கிற பிரஷ், கறுப்பு மசி, கை நடுங்கக் கூடாது, அவ்வளவுதான் தேவை. கண்ணுக்கு மாதிரி வேண்டுமே, யார் கண்ணைப் பார்த்து வரைவது, உள்ளறையில் ஆட்கள் பவுடர் போட்டுக்கொள்ளும் கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தது, திரும்பிப் பார்த்தேன், அங்கே ஒரு ஜோடிக் கண் சும்மா இருந்தது.

நானாகக் கண்டுபிடித்த பாவம் இல்லை இது, தொழிலில் உள்ளதுதான். கேமரா வந்த நாளிலிருந்து முகத்தை இருக்கிறபடியே எவன் எடுத்தான். அண்ணாச்சியின் அப்பா காலம், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் படம் பிடித்த காலம், ஒரு படத்துக்கு அத்தனை நேரம் அசையாமல் இருக்க வேண்டும், அதற்காக நாற்காலிக்குப் பின்னால் ஓர் இரும்புக் கவட்டை நிற்கும், உட்கார்ந்திருப்பவரின் பிடரியை அதில் பொருத்திவிடுவார்கள், படத்தில் அது தெரியாது. ஜமீன் வீட்டுப் பெரியவர் கம்பீரமாக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாரே, அது பாதி இரும்பு. செத்தவர்களை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து எடுப்பதும் உண்டு, ஆயுசு குறைந்துவிடும் என்று உயிரோடு இருக்கும்போது கேமரா முன்னால் நிற்காத ஆள், போன பிறகு பயமில்லாமல் வந்து உட்காருவார், கண்ணை யாராவது வரைந்து திறக்க வேண்டும். அண்ணாச்சி அதை எல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வார். பின்னால் கண்ணாடி நெகட்டிவ் போய் பிலிம் வந்தது, பென்சிலைக் கூராகச் சீவி நெகட்டிவிலேயே அம்மைத் தழும்பை அடைப்பார்கள், கறுத்த பெண்ணைச் சிவக்க வைப்பார்கள், மாறுகண்ணை நேராக்குவார்கள். போனவுக படத்துல குறை இருக்கக் கூடாது எஸ்தரு, உயிரோட இருக்கறவுகளுக்கே நாம குறை வைக்கறதில்ல, இது அவர் பாடம். அப்படியிருக்க நான் என்ன செய்துவிட்டேன். எதையாவது ஒரு கண்ணை வைத்துத்தான் ஆக வேண்டும், வைத்தேன். அவள் கண் எப்படி இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும், யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்படியே வரைந்திருப்பேன். சொல்லவில்லையே.

பென்ஷன் ஆபீசுக்குப் படம் வேண்டும் என்று ஒரு பெரியவர் படியேறி வந்துவிட்டார். நல்ல வேளை, எழுந்து கொஞ்சம் நடக்கலாம். ஸ்டூலில் உட்கார வைத்தேன், சட்டைக் காலரைச் சரிசெய்தேன், மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன், கழற்றினால் எனக்கு ஒண்ணும் தெரியாதேம்மா என்றார், உங்களுக்குத் தெரிய வேண்டாம் ஐயா, கேமராவுக்குத் தெரிந்தால் போதும் என்றேன். கண்ணை மூடாதீங்க. மூடினார். இன்னொன்று. மூடினார். முப்பது வருஷத்தில் இந்த வார்த்தையை எத்தனை லட்சம் தடவை சொல்லியிருப்பேன், கண்ணை மூடாதீங்க, கண்ணை மூடாதீங்க, மூடாதே என்று சொன்னவுடனேதான் மனுஷனுக்கு மூட வருகிறது. மூன்றாவதில் பிடித்தேன். இடது இமை லேசாகத் தொங்கியது, வயசாகிவிட்டால் தோல் தொங்கும், வலது கண்ணைவிட இடது கண் அரைத் தூக்கத்தில் இருந்தது, நான் கை பழக்கத்தில் மவுஸை அங்கே கொண்டுபோய் இமையை மேலே இழுத்தேன், இழுக்கும்போதே கை நின்றுவிட்டது. எடது கண்ணு கொஞ்சம் தூங்குனாப்ல இருக்கும். சொன்னார். தங்கமாரியப்பன் சொன்னார். யாரும் சொல்லவில்லை என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே ஓதிக்கொண்டிருக்கிறேன், அந்த ஆள் இதோ இந்த மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று, பஸ் நிறுத்தத்தில் ஊர்ப் பேரைக் கத்திப் பழகின தொண்டையை ரொம்பச் சின்னதாக்கிக்கொண்டு, சிறு கண்ணும்மா அவளுக்கு, எடது கண்ணு கொஞ்சம் தூங்குனாப்ல இருக்கும், அதான் அவ அழகே, என்று என்னிடம்தான் சொன்னார், அண்ணாச்சி அப்போது ரோட்டுக்கு டீக்குப் போயிருந்தார். நானும் சரி அண்ணே என்றேன். சரி அண்ணே என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். பெரியவர், படம் நல்லா வந்திருக்காம்மா என்று கேட்டார். நல்லா இருக்கு ஐயா என்று தூக்கின இமையை இறக்கிவிட்டு அப்படியே அச்சடித்துக் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு, எனக்கு இம்புட்டு வயசாயிருச்சா, என்றார்.

மணி மூன்று ஐந்து. சரி, ஏன் என்று கேட்டுக்கொள்கிறேன், கேட்பதற்கு வேறு யாரும் இல்லை. அதற்கு முந்தின வருஷம் எனக்கு ஒரு வரன் வந்தது, நாசரேத்துப் பக்கம், மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் கிளார்க். படம் அனுப்பச் சொன்னார்கள். எனக்கு மேல்பல் துருத்திக்கொண்டிருக்கும், உதடு மூடாது, இது ஊருக்கே தெரிந்த விஷயம், தெருப்பையன்கள் அதற்கு ஒரு பேரும் வைத்திருந்தார்கள். அண்ணாச்சி என்னை உட்கார வைத்துப் பல்பைச் சாய்த்துப் போட்டு எடுத்தார், பிறகு அவரே பென்சிலை எடுத்து அந்த உதட்டை மூடினார். கண்ணு ஒண்ணு போதும் எஸ்தரு ஒனக்கு, கண்ணுல நான் கை வைக்கவே இல்ல பாரு, என்றார். என் ஆயுசில் என் முகத்தைப் பற்றி யாரும் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான், இன்றுவரைக்கும் அது ஒன்றுதான், வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. வந்தார்கள். வந்து உட்கார்ந்து பிஸ்கட் எல்லாம் தின்றுவிட்டு, மாப்பிள்ளையின் அம்மா, படத்துல இருக்கற பொண்ண வரச் சொல்லுங்க, என்றாள். நான்தான் எதிரே காப்பித் தட்டோடு நின்றேன். போய்விட்டார்கள், படத்தையும் திருப்பித் தரவில்லை, என் அண்ணன் இரண்டு தடவை எழுதிக் கேட்டும் தரவில்லை. எங்கோ நாசரேத்தில் ஒரு பீரோவில் உதடு மூடின எஸ்தர் கிடக்கிறாள். அதற்குப் பிறகு நான் கேமரா முன்னால் உட்காரவில்லை, ஆதார் கார்டு தவிர. எனக்கு அந்த ஆறு நாளில் தோன்றியது என்னவென்றால், இந்தக் கண்ணை யாராவது பார்க்கட்டும். அவ்வளவுதான். பல் இல்லாமல், என் பேர் இல்லாமல், யார் முகத்திலாவது இருந்து இது பார்க்கப்படட்டும். பெரிய கண், வட்டமாக, வெள்ளை நிறைய, வாடிக்கைக்காரர் குறை சொல்ல முடியாத இரண்டு கண். தங்கமாரியப்பன் வந்து வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் உள்ளறைத் திரை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொல்லுவார் என்று ஒரு பக்கம் நெஞ்சு அடித்துக்கொண்டது, சொல்லிவிடக் கூடாதே என்று ஒரு பக்கம். நல்லாருக்கு அண்ணாச்சி, என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரில் சுற்றிக்கொண்டு போனார். பிறகு வருஷக்கணக்கில் நான் வேலை முடிந்து போகும்போது அவர்கள் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போவேன். சாயங்காலம் கதவு திறந்திருக்கும், விளக்கு எரியும், உள்ளே சுவரில் நான். கோவிலில் மாதா முன்னால் நான் மண்டியிடுகிறேன், இங்கே என் முன்னால் ஊதுபத்தி. அல்பம். அல்பம்தான், வேறு என்ன சொல்வது, ஆனால் மழை பெய்தாலும் சுற்றிக்கொண்டு போனேன்.

இவ்வளவோடு போயிருந்தால் என் திருட்டு என்னோடு என்று விட்டிருக்கலாம். அந்தப் பிள்ளை, இந்துஜா, பத்தாவது ஹால் டிக்கெட்டுக்குப் படம் எடுக்க வந்தாளே, இரட்டைச் சடை, அத்தை கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள், தங்கமாரியப்பனின் அக்கா, அவள்தான் வளர்த்தவள். ஸ்டூலில் உட்கார்ந்து நேரே பார்த்தாள். இடது இமை பாதி இறங்கியிருந்தது. தூங்குனாப்ல. அன்று நாலு படம் எடுத்தும் கலங்கித்தான் வந்தது. அத்தை பக்கத்தில் நின்று, என்னம்மா செய்ய, இவ அம்மா கண்ணு இவளுக்கு வரல, அவளுக்கு அகல் வெளக்கு மாதிரி இருக்கும், என்று சொன்னாள். ராஜகனியோடு மூன்று வருஷம் ஒரே வீட்டில் சோறு பொங்கித் தின்றவள் சொல்கிறாள். சுவரில் தினம் தினம் பார்த்துப் பார்த்து, நேரில் பார்த்தது அழிந்துபோய்விட்டது அவளுக்கு. அவள் பொய் சொல்லவில்லை, அவள் ஞாபகத்தில் நான் போய் உட்கார்ந்துகொண்டேன். தங்கமாரியப்பனுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும், கடைசிக் காலத்தில் அவரும் இந்தக் கண்ணைத்தான் நினைத்துக்கொண்டு போயிருப்பார். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். பதினைந்து வயசுப் பிள்ளை, அம்மா இல்லாத பிள்ளை, உன் கண்தான் பிள்ளை உன் அம்மா கண் என்று ஒரு வார்த்தை. சொல்லாததோடு இன்னொன்றும் செய்தேன். அவள் போன பிறகு இதே நாற்காலியில் உட்கார்ந்து அந்த இமையை ஒரு மயிரிழை தூக்கிவிட்டேன். அவள் படத்தை வாங்கிப் பார்த்து, என்னக்கா எனக்குக் கண்ணு நல்லாயிருக்கு இதுல, என்று சிரித்தாள், அதிலிருந்து எதற்கென்றாலும் என்னிடம்தான் வருவாள், பன்னிரண்டாவதுக்கு, காலேஜுக்கு, ஜாதகத்தோடு கொடுக்கும் படத்துக்கு, ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை. செல்போனில் தன்னையே எடுக்கும்போது இடது பக்கத்தை முடியால் மறைத்துக்கொள்கிறாள், மையை அந்தக் கண்ணுக்கு மட்டும் தடிமனாகப் போடுகிறாள். நேற்றுச் சொன்னாள், மதுரையில் கண்ணாஸ்பத்திரியில் காட்டியிருக்கிறாளாம், பார்வைக்கு ஒன்றும் இல்லை, வேண்டுமென்றால் இமையைத் தைத்துத் தூக்கிவிடலாம் என்றார்களாம், கல்யாணம் முடிந்ததும் செய்துகொள்ளப் போகிறாள். மாப்பிள்ள வீட்ல யாரும் ஒண்ணும் சொல்லலக்கா, எனக்குத்தான், அம்மா கண்ணு எனக்கு வந்திருக்கலாம், என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் அப்போது பிரிண்டரில் காகிதம் திணித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றரை. செய்துதான் பார்ப்போமே என்று செய்தேன். பூஞ்சைப் படத்திலிருந்து அந்தக் கண்களை வெட்டினேன், ஹால் டிக்கெட் முகத்தின்மேல் கொண்டுபோய் வைத்தேன், ஓரத்தைக் கரைத்தேன், நிறத்தை ஒட்டினேன். அந்தக் காலத்தில் நான் ஆறு நாள் உயிரை விட்டது இப்போது நாலு நிமிஷம். பொருந்திவிட்டது. பொருந்தாமல் இருந்திருக்கலாம், கோணலாக இருந்திருந்தால் முடியலம்மா என்று கையை விரித்திருக்கலாம், ஆனால் கச்சிதமாகப் பொருந்தி, லட்சணமாக, காலண்டரில் போடுகிற மாதிரி ஒரு பொம்பளை என்னைப் பார்த்தாள். இதைக் கொண்டுபோய் நாற்காலியில் வைத்தால் ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் சந்தோஷம். அத்தை அழுவாள், அப்படியே இருக்கா என்பாள். பிள்ளை என் காலடியில் விழும். நான் இந்த வாரக் கடைசியில் கண்ணைப் பொத்திக்கொண்டு பூசைக்குப் போய்விட்டு வந்தால் தீர்ந்தது. பிறகு மதுரைக்குப் போய் இமையைத் தைப்பார்கள். ராஜகனியிடமிருந்து அந்தப் பிள்ளைக்கு வந்து சேர்ந்தது அது ஒன்றுதான், அதையும் வெட்டித் தைத்துவிடுவார்கள், அதற்கு மாதிரிப் படம் நான். வேண்டாம், அழி. அழித்தேன். கீழேயிருந்து பழையபடி ராஜகனி வந்தாள். முகத்தைப் பெரிசாக்கினேன், இன்னும் பெரிசாக்கினேன், இதுவரைக்கும் நான் இவளைச் சரியாகப் பார்க்கவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது, மூடின கண்ணோடு வந்தவள், திறந்து பார்க்க நான்தான் விடவில்லை. சிறு கண். வலது கண் கேமராவை நேரே பார்க்கிறது, பரீட்சைக்குப் படித்த பெண்ணின் பார்வை. இடது கண் பாதி இறங்கி, யாரோ பின்னாலிருந்து ஏதோ கேலி சொன்ன மாதிரி, சிரிக்க இரண்டு நொடி இருக்கிற மாதிரி. அதான் அவ அழகே. ஆமாம் அண்ணே. சரியாகத்தான் சொன்னீர்கள், நான்தான் கேட்கவில்லை. ஆனால் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு என்ன மிஞ்சும். இருபத்தேழு வருஷம் ஸ்கூலுக்குப் போகும்போதும் காய்ச்சலில் கிடக்கும்போதும் பார்த்த அம்மாவைப் பிடுங்கிவிட்டு, தபால்தலை அளவில் முன்பின் தெரியாத ஒருத்தியைக் கையில் கொடுத்து, இந்தா உன் அம்மா என்பதா, அதுவும் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால். சொல்லாமல் விடுவதுதான் இரக்கம் என்று ஒரு மனசு சொல்கிறது. அந்த மனசை எனக்கு நன்றாகத் தெரியும், திரை இடுக்கில் நின்று பார்த்ததும் அதுதான், மழையில் சுற்றிக்கொண்டு போனதும் அதுதான். அதற்கு இன்னும் ஊதுபத்தி வேண்டியிருக்கிறது. படியில் செருப்புச் சத்தம். நாலுகூட ஆகவில்லை.

முடிஞ்சிருச்சாக்கா என்று கேட்டுக்கொண்டே வந்தாள், மருதாணி வைக்க வெட்டிச் சீராக்கின நகம், தோளில் கல்யாணப் பத்திரிகைப் பை. முடியலை, முதலில் நீ உட்கார் என்று உள்ளே கூட்டிப்போனேன். எதுக்குக்கா என்றாள். முகம் கழுவிட்டு வா, மையெல்லாம் போகட்டும் என்றேன், ஏன் என்று கேட்காமல் கழுவிக்கொண்டு வந்தாள், அவ்வளவு நம்பிக்கை என்மேல். ஸ்டூலில் உட்கார வைத்து முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினேன். நேரே எடுத்தேன், ஒரே ஒரு படம், கண் மூடவில்லை. கொண்டுவந்து ராஜகனிக்குப் பக்கத்தில் போட்டேன், அளவைச் சமமாக்கினேன், ஒரு மயிரிழைகூட எதையும் தூக்கவில்லை. இரண்டு இடது கண்ணும் ஒரே மாதிரி பாதி இறங்கி, ஒரே கேலியைக் கேட்டுக்கொண்டிருந்தன. இந்துஜா குனிந்து பார்த்தாள். ஸ்கிரீனுக்கு அவ்வளவு கிட்டத்தில் போனால் கண்ணுக்குக் கெடுதல் என்று சொல்ல வாய் வந்தது, என்ன ஜென்மம் நான். மின்விசிறி கடகடத்தது. நான் சொல்ல ஆரம்பித்தேன், கோர்வையாக வரவில்லை, குரூப் போட்டோ, மூடின கண், ஆறு நாள், உன் அப்பா சொன்னது, நான் கேட்காதது, எல்லாம் முன்னுக்குப் பின்னாக வந்தது, ஆனால் எதையும் விடவில்லை. நாசரேத்தைத் தவிர. அது அவளுக்கு வேண்டாத சுமை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்போ வீட்ல இருக்கறது யாரு கண்ணு?"

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன். பத்து வருஷமாகத் தடித்த கண்ணாடி போட்டிருக்கிறேன், அதுவும் நல்லதாகப் போயிற்று என்றுதான் இவள் வரும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். ஐம்பத்தொரு வயசில் இமைக்குக் கீழே பை விழுந்து சுற்றிலும் சுருங்கியிருக்கிறது, ஆனாலும் கண் அதேதான், அண்ணாச்சி கை வைக்காத கண். அவள் முகம் எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன், ஒன்றும் இல்லை, வெறும் பார்வை, சின்ன வயசிலிருந்து சுவரைப் பார்த்துப் பழகின பார்வை, ஏதோ கேட்கப் போகிற மாதிரி, கேட்டுப் பழக்கப்பட்ட மாதிரி. அதில் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நான் அவளுக்கு அம்மாவாக இருந்தேன், அதை நான் மறுக்க மாட்டேன். பிறகு அவள் கையை நீட்டி என் கண் முன்னால் கொண்டுவந்தாள், தொடவில்லை. குரல் மட்டும் உடைந்திருந்தது.

"கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கங்கக்கா. நீங்க பாத்துக்கிட்டு இருந்தா எனக்கு அங்க பாக்க வர மாட்டேங்குது."

மூடிக்கொண்டேன். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது, ஸ்கிரீன் பக்கம் திரும்பியிருக்கிறாள். கீழே தெருவில் ஒரு பஸ் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போனது. பிறகு அம்மா என்றாள், மெதுவாக, புது ஆளை முதல் தடவை கூப்பிட்டுப் பார்க்கிற மாதிரி. இன்னொரு தடவை, கொஞ்சம் தைரியமாக. எனக்கு இமைக்குள் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைக்கக் கையைத் தூக்கவில்லை. அவள் திறக்கச் சொல்கிறவரைக்கும் நான் திறக்கப் போவதில்லை.